அளவில்லை என்று சொன்னவர்கள்

அத்தியாயம் 5

"அளவே கெடையாதுன்னுதானுங்க சொன்னீங்க?"

பிரவீனா மேஜையில் அடித்த அடியில் குமரனின் டீ கிளாசிலிருந்து எட்டிக் குதித்து மேஜை முழுக்கப் பரவியது.

வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடும் குமரன் அதைத் துடைப்பதில் மிகுந்த அக்கறை காட்டினான். பதில் இல்லாத மனிதனுக்குத் துடைக்க ஏதாவது கிடைத்தால் அது தெய்வச் செயல்தான். அவன் தலைக்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு போர்டு தொங்கியது. நீர்வீழ்ச்சிப் படம் போட்டு, அதன் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'அருவி ஹோஸ்ட். அன்லிமிடெட் பேண்ட்வித்! எத்தனை பேர் வந்தாலும் உங்கள் வெப்சைட் நிற்காது!'

நின்றுவிட்டது. அதுதான் வழக்கு.

பிரவீனா புதுச்சத்திரம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பெண். படித்து முடித்து ஊருக்கு வந்தவள், 'முட்டைச்சந்தை' என்று ஒரு வெப்சைட் தொடங்கினாள். சாயங்காலம் முட்டைக்கு அறிவிப்பு விலை வந்ததும் சின்னப் பண்ணைக்காரர்கள் தங்கள் லோடை அதில் போடுவார்கள். கேரளாக்காரனும் பெங்களூர்க்காரனும் போட்டி போட்டுக் கேட்பார்கள். யாருக்கு என்ன விலை கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கெல்லாம் பூபதி என்கிற ஒரே வியாபாரிதான். அவர் சொன்னதுதான் விலை, அவர் வைத்ததுதான் சட்டம்.

சந்தை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாகத்தான் இந்தச் சனியன். சரியாக விலை வருகிற நேரத்துக்கு வெப்சைட் படுத்துவிடும். திறந்தால், 'வரம்பு மீறியதால் நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒரு வெள்ளைப் பக்கம். லோடு ஏற்றிய வண்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது? நேற்று பண்ணைக்காரி சென்னியம்மாள் எல்லோர் சார்பிலும் வந்து சொல்லிவிட்டாள். "இன்னைக்கும் படுத்துச்சுன்னா நாங்க பூபதிகிட்டயே போயிக்கறோம் சாமி. கோச்சுக்காத."

ஆக, இன்று சாயங்காலம் சந்தை திறந்தால் உண்டு. திறக்காவிட்டால் பிரவீனாவின் இரண்டு வருட உழைப்புக்குப் பால் ஊற்றிவிடலாம்.

குமரனுக்கு எதிர் நாற்காலியில் இருந்தவள் ஜெயப்பிரியா. பிரவீனா அமர்த்திய துப்பறிவாளர். சேலத்தில் குகை என்கிற பகுதியில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். அதனால் எதிராளி எவ்வளவு கத்தினாலும் தனக்கு வேண்டிய சொல் மட்டும் அவள் காதில் தனியாக விழும். அவளுக்குப் பக்கத்தில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றவர் கலைமணி. ஐம்பதைத் தாண்டிய முன்னாள் லாரி டிரைவர், இந்நாள் உதவியாளர். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

"தம்பி," என்றாள் ஜெயப்பிரியா. "நீங்க இந்தப் பேண்ட்வித்தை, அதான் வெப்சைட்டுலிருந்து போற டேட்டாவை, எங்கிருந்து வாங்கறீங்க?"

"மேல பெரிய கம்பெனிகிட்டங்க."

"அவங்க அளந்து தர்றாங்களா, அளக்காம தர்றாங்களா?"

குமரன் துணியைக் கீழே வைத்தான். "அளந்துதாங்க."

"அளந்து வாங்கறதை அளக்காம விக்கறீங்க. எப்படிக் கட்டுபடியாகுது?"

"ஒரு மெஷின்ல நூத்துக்கணக்கான வெப்சைட்டை ஏத்தி வெச்சிருக்கோமுங்க. நகைக்கடை, நர்சரி ஸ்கூலு, கல்யாண மண்டபம். அதுல முக்காவாசியை ஓனரையும் ஓனர் மச்சானையும் தவிர ஒரு ஈ காக்கா திறந்து பாக்கறதில்ல. அந்தத் தைரியத்துலதான் அன்லிமிடெட்டுன்னு போடறோம். ஊருல எல்லாருமே இப்படித்தாங்க போடறாங்க."

"வெளங்கிருச்சுங்க," என்றார் கலைமணி. "மெஸ்ஸுல 'அளவில்லாச் சாப்பாடு'ன்னு போர்டு வெச்சிருப்பான். மூணாவது வாட்டி சோறு கேட்டா சர்வர் சமையக்கட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குவான். நான் லாரி ஓட்டுன காலத்துல என்னையப் பாத்துட்டு ரெண்டு பேரு போர்டையே கழட்டிப்போட்டானுங்க."

"அதேதாங்க! திங்கறவங்க வயிறுதான் அளவு. பார்சல் கட்டக்கூடாது. ஒருத்தரே அண்டாவைக் காலி பண்ணுனா பக்கத்து இலைக்காரன் பட்டினி கெடப்பானுங்களே. அதுக்குத்தான் அடியில 'நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது'ன்னு ஒரு வரி போட்டிருக்கோம்."

"எது நியாயம்னு முடிவு பண்றது யாரு?"

"நாங்கதாங்க," என்றான் குமரன். அந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரியை அவளும் பார்த்திருந்தாள். எல்லோரும் போடுகிற வரிதானே என்று தாண்டிப் போனாள். அந்தப் போர்டை நம்பித்தான் பண்ணைக்காரர்களிடம், "வீடியோ எத்தனை வேணும்னாலும் ஏத்துங்க, கணக்கே இல்லீங்க" என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள். கோழியையும் முட்டையையும் கண்ணால் பார்த்தால்தான் கேரளாக்காரன் லோடு எடுப்பான். நம்பினவளுக்கு நாமம் போட்டுவிட்டு இவன் மேஜை துடைக்கிறான்!

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னேனுங்களே. உங்ககிட்ட இல்ல. உங்கப்பாகிட்ட."

பிரவீனா அவனையே பார்த்தாள்.

"மொதமொதல்ல நீங்க ரெண்டு பேரும் இங்க வந்தப்ப, நீங்க ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கீழ போனீங்க. அப்ப உங்கப்பா அந்தப் போர்டைப் பாத்துட்டு, 'ஏந்தம்பி, கோழிக்கே தீவனம் அளந்துதான் போடறோம், இது மட்டும் எப்படி அளவில்லாம வரும்?'னு கேட்டாரு. வயசுல பெரியவரு, உள்ளதைச் சொன்னேனுங்க. வீடியோ எந்நேரமும் ஓடிட்டே இருந்தா நாங்களே நிறுத்திப்போடுவோம்னு."

"அவருக்கு இதெல்லாம் புரியாதுங்க," என்றாள் பிரவீனா. தேவைக்கு மேல் வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது. "மறந்திருப்பாரு."

ஜெயப்பிரியா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி. கத்தி குமரனோடது. அதுல சந்தேகமில்ல. ஆனா குத்துனது யாரு? முட்டை விலையும் நாலு வீடியோவும் பாக்கறதுக்கு ஒரு அண்டா காலியாகாது. யாரோ பார்சல் கட்டறாங்க. எந்நேரத்துல எத்தனை தடவை கேட்டு வந்திருக்காங்கன்னு காட்டுங்க, நீங்க நிறுத்தி வெச்ச நேரத்தையும் சேத்து."

குமரன் கம்ப்யூட்டரைத் திருப்பினான். திரையில் ஒரு கோடு தரையோடு தரையாக வந்து, செங்குத்தாக மேலே ஏறி, ஒரே மட்டமாக ஓடி, மறுபடி செங்குத்தாகக் கீழே இறங்கியது. பார்ப்பதற்கு மதில் சுவர் மாதிரி இருந்தது.

"மனுசங்க பாத்தா இப்படி வராது," என்றாள் ஜெயப்பிரியா. "காலையில சோம்பலா இருக்கும், சாப்பாட்டு நேரத்துல இறங்கும், விலை வர்ற நேரத்துல எகிறும். இது விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் ஒரே மட்டம். வீடியோவை விடாம ஓட்டிட்டே இருக்கற ஒரு கூட்டம். சாயங்காலத்துக்குள்ள அண்டா காலி."

"அந்தக் கூட்டத்தைத் தடுத்துர வேண்டியதுதானுங்க?" என்றார் கலைமணி.

"சிம் போட்ட நெட்டுங்க," என்றான் குமரன். " ஒரே முகவரிக்குப் பின்னாடி ஆயிரம் பேரு இருப்பாங்க. தடுத்தா நாமக்கல்ல பாதிப் பேரு மாட்டிக்குவாங்க."

ஜெயப்பிரியா போன வாரத்து மதிலையும், அதற்கு முந்தைய வாரத்து மதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை வைத்துக் காட்டினாள்.

"சுவரு வாரா வாரம் அகலமாகுது. ஒவ்வொரு வாரமும் அரை மணி கூடுது, முந்தின வாரத்தை விட. அதுக்கு மேலயுமில்ல, கீழயுமில்ல. யாரு இப்படி வேலை நேரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுவாங்க?"

"ஜவுளிக்கடை மொதலாளிங்க," என்றார் கலைமணி. "தீவாளி நெருங்க நெருங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயப்பிரியா எழுந்தாள். "இப்ப திறந்து விடுங்க குமரன். விலை வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. நிறுத்துனா அந்தப் போர்டைப் பத்தி நுகர்வோர் கோர்ட்டுல பேசுவோம்."

"எங்க போறோமுங்க?" என்றாள் பிரவீனா படியிறங்கும்போது.

"பூபதி குடோனுக்கு. உங்க சந்தை மூடினா லாபம் அவருக்குத்தானே."

பிரவீனாவுக்கு அப்பாடா என்றிருந்தது. பூபதி என்றால் சரி. பூபதி செய்வார். பூபதி செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

கார் ராசிபுரம் பக்கம் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கலைமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மதில் சுவரையே மென்றுகொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மிணி, வாரத்துக்கு அரை மணின்னா எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் வருது. எங்க ஊட்டுக்குப் புது மருமவ வந்தப்ப, என்ற சம்சாரம் மொத வாரம் காப்பி மட்டும் வெக்கச் சொன்னா. அடுத்த வாரம் சட்னி. அதுக்கடுத்த வாரம் சமையக்கட்டு பூராவும். ஒரேடியா வேலை குடுத்தா புள்ள மெரண்டு போயிரும், பழக்கித்தான் கொண்டாரணும்பா."

ஜெயப்பிரியா சிரித்தாள். பின் சீட்டில் இருந்த பிரவீனா சிரிக்கவில்லை.

பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். முட்டைக்கு வரப்போகிற இளங்கோழியை அப்படித்தான் பழக்குவார்கள். கோழி முட்டையிடுவது வெளிச்சத்தைப் பொறுத்தது. முட்டைப் பருவம் வரும்போது கொட்டகையில் விளக்கு எரிகிற நேரத்தை வாரத்துக்கு அரை மணியாகக் கூட்டுவார்கள். ஒரேடியாகக் கூட்டினால் கோழி கெட்டுவிடும். விடியும் முன் எரிந்து இரவில் அணைய டைமர் வைத்திருப்பார்கள். திறந்த கொட்டகைக்குப் பகலில் விளக்கு வேண்டாம். நாலு பக்கமும் மூடி ஃபேன் வைத்த கொட்டகைக்குத்தான் பகலெல்லாம் எரிய வேண்டும்.

அந்தப் பக்கத்தில் மூடின கொட்டகை ஒன்றே ஒன்றுதான், அவர்களுடையது. அதில் இப்போதுதான் இளங்கோழி ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றிய நாளிலிருந்து அவளுடைய அப்பா வேலுமணி அவளை உள்ளே விடுவதில்லை. "வெளியாளு காலு பட்டா நோய் ஒட்டிக்கும் சாமி. நீயும் வராத."

இல்லை, இருக்காது. கோழிக்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவுக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பவே அவள்தான் சொல்லித்தர வேண்டும். முதல் தடவை சந்தை படுத்த அன்றைக்கு, அவள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தபோது, தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து ஊட்டியவர் அப்பா. "இண்டர்நெட்டுங்கறது காத்துல கட்டுன ஊடு சாமி. வுட்டுத் தொலை," என்று தலையைத் தடவினார்.

விட்டுத் தொலை என்றார். அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது.

புதுச்சத்திரம் பிரிவு வந்துகொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் கார் நேராக நாமக்கல் போய்விடும், பூபதியே குற்றவாளியாக இருந்துவிட்டுப் போவார். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சுலபம் என்று பிரவீனாவுக்கு அந்த நிமிடம் தெரிந்தது. கலைமணி கியரை மாற்றினார்.

"அண்ணா, பிரிவுல திரும்புங்க," என்றாள் அவள். "எங்க பண்ணைக்கு."

வழியில் விளக்குக் கணக்கை அவள் சொல்லிமுடித்தாள்.

"குமரன் ஆபீஸ்லயே உங்கப்பா மேல எனக்குச் சந்தேகம்," என்றாள் ஜெயப்பிரியா மெதுவாக. "அளவு உண்டுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். ஆனா சுவருக்குக் காரணம் கெடைக்கல. நீங்க சொல்லாட்டி எனக்குக் கெடைச்சிருக்கவும் மாட்டாது."

வேலுமணி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் இறங்கிய இருவரைப் பார்த்ததும் மலர்ந்தது அப்படியே நின்றுபோனது.

"என்ன சாமி, சொல்லாமக் கொள்ளாம? யாருங்க இவங்க? இந்தப் பக்கம் வராதீங்க, இளங்கோழி இருக்குது."

"மருந்துல கால் நனைச்சுட்டுத்தானுங்க வாரோம்," என்றாள் ஜெயப்பிரியா, வாசல் தொட்டியில் இறங்கியபடி.

"என்ற காலை மட்டும் ரெண்டு வாட்டி நனைக்கோணுமுங்க," என்றார் கலைமணி. "நாடு பூராச் சுத்துன காலு."

வேலுமணி குறுக்கே கையை நீட்டினார். பிரவீனா அந்தக் கையைத் தள்ளவில்லை. குனிந்து அதன் கீழே நுழைந்து உள்ளே போனாள்.

ஃபேன்கள் இரைந்தன. மஞ்சள் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. டைமர் பெட்டியிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரில் ஒரு வைஃபை பெட்டியைச் செருகியிருந்தார்கள். விளக்கு எரிந்தால் அதுவும் எரியும், அணைந்தால் அதுவும் அணையும். பக்கத்துக் கம்பி வலையில் வரிசையாகப் பழைய செல்போன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் முட்டைச்சந்தை. எல்லாவற்றிலும் வீடியோ ஓடியது. ஒரு போனில் சென்னியம்மாள் தன் கோழிகளைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லீங்க," என்றார் கலைமணி, குரலை இறக்கி. "கோழிக மார்க்கெட் நிலவரம் பாத்துட்டு இருக்குதுக." சொன்ன பிறகு அவருக்கே அது ரசிக்கவில்லை. வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"யாருப்பா கட்டுனது?" என்றாள் பிரவீனா.

"பூபதியோட ஆளு."

"கட்டச் சொன்னது?"

வேலுமணி கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயப்பிரியாதான் பேசினாள்.

"பூபதி எல்லாருக்கும் அறிவிச்ச விலையில கொஞ்சம் குறைச்சுத்தான் குடுப்பாரு. 'மைனஸ்'ம்பாங்க. உங்களுக்கும் மைனஸ் உண்டுங்களா?"

வேலுமணி சாய்ந்திருந்த தீவனத் தட்டை நிமிர்த்தி வைத்தார்.

"இல்லைன்னு நெனைக்கறேன். மத்தவங்களை அவருகிட்டயே இருக்க வெச்சதுக்கு உங்களுக்கு மட்டும் முழு விலை. சரிங்களா? சந்தையில எல்லாரு விலையும் எல்லாருக்கும் தெரியும். மைனஸ் இல்லாம முட்டை விக்கலாம்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, இத்தனை நாளா நம்மளை ஏன் பூபதிகிட்டயே இருக்கச் சொன்னாருன்னு உங்க மேல கேள்வி வரும்."

"பதினஞ்சு வருசமா இந்த ஊருல நான் சொன்னா கேப்பாங்க," என்றார் வேலுமணி. "வேலுமணியண்ணன் சொன்னாச் சரியா இருக்கும்பாங்க. அதைப் போக்கிக்கச் சொல்றியா சாமி? உன்ற சந்தை நல்லாத்தான் இருந்துது. எனக்குத்தான் அது ஆகல."

"நேராச் சொல்லியிருந்தா மூடியிருப்பனேப்பா!"

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?"

"அன்னைக்குச் சோறு ஊட்டுனீங்களே. தலையைத் தடவுனீங்களே."

"அது நெசம் சாமி. சத்தியமா நெசம்."

"அதைத்தானுங்கப்பா என்னால தாங்க முடியல," என்றாள் பிரவீனா. குமரன் ஏமாற்றியபோது கோபம் வந்தது, மேஜையை அடித்தாள். இங்கே அடிக்க ஒன்றும் இல்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பயிருக்கு அந்த வேலி மேல் எவ்வளவு பாசம் என்பதை அந்தப் பழமொழி சொன்னவர் யோசித்ததேயில்லை.

அவள் கையை நீட்டி வைஃபை பெட்டியைப் பிடுங்கினாள். வரிசையாகத் தொங்கிய போன்களில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

ஜெயப்பிரியா குமரனை அழைத்துப் பேசிவிட்டுத் தலையசைத்தாள். "சுவரு விழுந்துருச்சு. சந்தை திறந்திருக்கும். நிக்காது."

விலை வந்தது. முட்டைச்சந்தையில் முதல் லோடு ஏறியது. கொஞ்ச நேரத்துக்குள் பிரவீனாவின் போன் அடித்தது. சென்னியம்மாள். பிரவீனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாமி! தெறந்துருச்சு சாமி! கேரளாக்காரரு கேட்டுப்போட்டாரு! எல்லாரும் இங்கதான் எங்கூட்டுல கூடியிருக்கோம். இனிமே படுக்காதில்ல?"

"படுக்காதுங்கத்தை."

"யாரு சாமி பண்ணுனது? பூபதிதான? எங்களுக்குத் தெரியும், அந்தாளுதான்!"

வேலுமணி மகளைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது முழுப் பொய்யும் இல்லை. கட்டியது பூபதியின் ஆள்தானே. அவர் பார்வையாலேயே அப்படிக் கெஞ்சி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பிரவீனா ஜெயப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்டுபிடிக்கறதோட என் வேலை முடிஞ்சுது," என்றாள் துப்பறிவாளர். "பேரைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

பிரவீனா போனை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்பா சொல்லுவாருங்கத்தை," என்றாள்.

"வேலுமணியண்ணனுங்களா?" சென்னியம்மாளின் குரல் ஃபேன் இரைச்சலையும் மீறிக் கேட்டது. பின்னால் பத்துப் பேர் சத்தத்தை அடக்கிக்கொண்டு காது கொடுப்பதும் கேட்டது. "நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னா எங்களுக்குப் பயமே இல்லீங்கண்ணா. சொல்லுங்க, யாருங்க அது?"

வேலுமணி போனை மகளிடம் திருப்பி நீட்டினார்.

பிரவீனா அதை வாங்கிக்கொள்ளவில்லை.